துரைக்கு விரித்த கட்டில்

செருப்ப உள்ளயே கழத்திப் போடுங்கம்மா. வெளிய விட்டா நாய் தூக்கிட்டுப் போயிரும். போன மாசம் மதுரையில இருந்து ரெண்டு பேரு வீட்டப் பாக்க வந்தாக, அதுல ஒருத்தரு வெறுங்காலோட பஸ் ஏறிப் போனாரு. இங்கன உக்காருங்க, பட்டாசல்ல. பட்டாசல்னா ஹால். ஃபேன் காத்து இந்தப் பக்கந்தான் வரும்.

அவுக முடிவெட்டப் போயிருக்காக. வீட்டுக்காரரத்தான் சொல்லுதேன். வந்துருவாக. வீட்டுச் சரித்திரம்னா அவுக சொன்னாத்தான் ஒழுங்கா இருக்கும், வருசமெல்லாம் பிசகாம சொல்லுவாக. நான் சொன்னா முன்னுக்குப் பின்னா வரும். சும்மா உக்காந்திருக்க வேண்டாமேன்னு எனக்குத் தெரிஞ்சதச் சொல்லுதேன். பென்சில்ல எழுதிக்கிடுங்க, அவுக வந்து திருத்துவாக.

இந்த வீட்டக் கட்டுனது எங்க வீட்டுக்காரருக்குப் பூட்டன், ஆவுடையப்ப பிள்ளை. மலையக் கொடஞ்சு கொல்லத்துக்கு ரயில் போட்டாகல்லா, அப்ப ரயில்காரனுக்குக் கல்லும் சுண்ணாம்பும் சப்ளை பண்ணுன கண்ட்ராக்டரு. அந்தச் சம்பாத்தியத்துல கட்டுன வீடு. எல்லாம் மலைத்தேக்கு. தூணக் கட்டிப் பிடிச்சா ரெண்டு கையும் சேராதாம். நான் பிடிச்சுப் பாத்ததில்ல, வாரவுக எல்லார்ட்டயும் அவுக அப்பிடித்தான் சொல்லுவாக.

நீங்க உள்ள வரும்போது வலது கைப்பக்கம் ஒரு கதவு சாத்திக் கெடந்துச்சுல்லா, அதான் துரை ரூம். ஊர்ல இந்த வீட்டுக்குப் பேரே துரை வீடுதான். கல்யாணப் பத்திரிகையில கூட துரை வீடுன்னுதான் போடுவோம். மத்த வீட்டுக்காரவுக கதவு நம்பர் போடுவாக, எங்களுக்கு அது தேவையில்ல.

ஆவுடையப்ப பிள்ளை மலை மேல துரைமாரு பங்களாவுக்கெல்லாம் போய் வந்த மனுசன். அங்கன பாத்ததெல்லாம் இங்கன வேணும்னுட்டாரு. தெருவப் பாத்து ரெண்டு ஆளுயர ஜன்னலு. பெரிய கட்டிலு, நாலு பக்கமும் கம்பு நட்டுக் கொசுவலை. அதோட சுவத்துல ஒரு அடுப்பு. சமைக்க இல்லம்மா, குளிர் காய. செங்கோட்டையில! சித்திரை மாசம் சுவத்துல கைய வச்சா சுடும், அந்தச் சுவத்துல அடுப்பு. ஓட்டுக்கு மேல புகைக்கூண்டு நிக்கும், வரும்போது பாத்திருப்பிய. புதுசா வாரவுக எல்லாரும் பேக்கரின்னு நினைச்சு உள்ள வந்து பன்னு கேப்பாக.

அதுல ஒரு நாள் கூட தீ மூட்டுனதில்ல. அணில்தான் குட்டி போடும். ஆனா கார்த்திகை பொறந்தா எங்க மாமனாரு அதுல விறகு அடுக்கி வச்சிருவாக. நான் வந்த புதுசுல ஒருக்க, எதுக்கு மாமான்னு கேட்டுட்டேன். "துரைக்குக் குளிரும்லா"ன்னாக. நானும் சரின்னுட்டேன்.

துரை வந்தது ஒரே ஒரு தடவ. விட்டேக்கர் துரைன்னு ரயில் எஞ்சினியரு. மலையில நல்ல மழை, பாதை அடைச்சுருச்சு, நனைஞ்சுக்கிட்டு வந்து நின்னாராம். ஆவுடையப்ப பிள்ளைக்குக் கையும் ஓடல காலும் ஓடல. இவரு ரூம் கட்டி வச்சுட்டு எந்தத் துரையாவது வந்து படுக்கமாட்டானான்னு காத்துக்கிட்டு இருந்திருக்காரு, வாசல்லயே வந்து நிக்கான். சாப்பிட என்ன வேணும்னு கேட்டா அவிச்ச முட்டையாம். நாங்க சைவம். இந்த வளவுக்குள்ள முட்டை வந்ததே கெடயாது. புறவாசல்ல வண்டிக்காரன விட்டு புதுப்பானையில அவிச்சுக் குடுத்துட்டு, பானையக் கெணத்தடியிலயே குழி தோண்டிப் புதைச்சுட்டாக. அந்த எடத்துல இன்னைக்கும் ஒரு செடி வைக்கமாட்டோம்.

காலையில துரை கெளம்பும்போது தொப்பியக் கழத்தி, ரூம் நல்லா இருக்கு, அடுத்த மழைக்கும் இங்கதான் வருவேன், எனக்குன்னு வச்சிருங்கன்னு சொன்னாராம். கூட வந்த பட்லரு அதத் தமிழ்ல சொன்னான். ஆவுடையப்ப பிள்ளை நெஞ்சுல கை வச்சு, இது ஒங்க ரூமு, வேற ஒருத்தரு படுக்கமாட்டாகன்னு வாக்குக் குடுத்துட்டாரு. துரை போயிட்டாரு.

அடுத்த மழைக்கு வரல. அதுக்கடுத்த மழைக்கும் வரல. காய்ச்சல்ல செத்துப்போனாருங்காக, சீமைக்குப் போயிட்டாருங்காக. ரயிலு வந்துருச்சு, துரை வரல. ஆனா வாக்கு வாக்குத்தானம்மா. வெள்ளிக்கிழம தோறும் மெத்தை விரிப்பு மாத்தணும். அந்தியில கூஜாவுல புதுத்தண்ணி வைக்கணும். கொசுவலைய எறக்கி விட்டு, காலையில தூக்கிக் கட்டணும். இது ஒரு நாள் விட்டதில்ல. சுதந்திரம் வந்துச்சுல்லா, அன்னைக்கு எங்க வீட்டுக்காரரோட தாத்தா முக்குல கொடியேத்தி மிட்டாய் குடுத்துட்டு வந்து, துரை ரூம்ல தண்ணி மாத்தி வச்சாகளாம். அப்ப இந்த ஊரு திருவாங்கூர் ராசாட்ட இருந்துச்சு. பெறகு ஊரையே தூக்கி மதராஸோட சேத்தாக. ஊரு கைமாறுனதுக்கு ரூம்ல ஒரு தலைகாணி கூட அசையல.

பாகம் பிரிச்சது எங்க மாமனாரு காலத்துல. அந்தா குறுக்க ஒரு சுவரு தெரியுதா, அதுக்கு அங்கிட்டு இவுக பெரியப்பா வீடு. இருந்த ரூமெல்லாம் அங்கிட்டுப் போயிருச்சு. எங்களுக்குப் பட்டாசலு, அடுக்களை, நெல்லு போட்டு வைக்க அரங்கு, முன்னால தார்சா, வராந்தா மாதிரி. துரை ரூமு பாகத்துல வராது, அது பொதுன்னுட்டாக. துரை வந்தா ரெண்டு வீட்டுக்கும் விருந்தாளிதான?

எனக்குப் பேரு உலகம்மா. நான் தென்காசிக்காரி. இங்க வாக்கப்பட்டு வரும்போது எங்க அப்பாவுக்கு அம்புட்டுப் பெருமை. துரை வீட்டுல பொண்ணு குடுத்திருக்கேன்னு பஸ்ல டிக்கெட்டு குடுக்கவன்ட்ட எல்லாம் சொன்னாக.

நாங்க படுத்தது இந்தா, நீங்க உக்காந்திருக்கிய பாருங்க, இங்கனதான். அந்த ஓரம் எங்க அத்தை கட்டிலு. இந்த ஓரம் எங்க பாயி. நடுவுல கொடியில ஒரு பழைய சேலை. அத்தைக்குத் தூக்கம் கம்மி. நான் புரண்டு படுத்தா, "உலகு, என்ன தூக்கம் வரலையா?"ம்பாக. எங்க வீட்டுக்காரரு பாவம் சங்கடப்பட்டுக்கிட்டு தார்சாவுக்குப் பாயத் தூக்கிட்டுப் போயிருவாக. அப்பிடியும் திருமலை பொறந்தான். எப்பிடின்னு கேக்காதிய, எனக்கே சரியா ஞாபகம் இல்ல.

ஒண்ணும் குறை கெடயாது. அவன் கைப்பிள்ளையா இருக்கைல எனக்கு டைபாய்டு வந்துச்சு. பிள்ளைக்கு ஒட்டிக்கிடும்னு என்னைய அரங்குல போட்டாக. அரங்குக்கு ஜன்னல் கெடயாது, நெல்லுக்கு எதுக்குக் காத்து. கதவு இடுக்கு வழியா பாத்தா அத்தை துவைச்ச விரிப்ப மடிச்சு எடுத்துக்கிட்டு துரை ரூமுக்குப் போறது தெரியும். காய்ச்சல் வேகத்துல நான், "அவருக்கு இப்பத் தேவலையா?"ன்னு கேப்பேனாம். பின்னால சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக. நானும் சிரிப்பேன். காய்ச்சல் விட்டு எந்திச்சதும் முதல் வேலையா நான்தான் அந்த விரிப்பத் துவைச்சேன். நல்ல கனம், சீமைத் துணி மாதிரி.

அத்தையும் மாமாவும் காலமான பெறகு திருமலைக்குக் கல்யாணம் முடிச்சோம். அவன் இங்கதான் மின்சார ஆபீசுல இருக்கான். பொண்ணு கடையம், பேரு நித்யகல்யாணி, நித்யான்னு கூப்பிடுவோம். தென்காசியில ஒரு பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சரு. நல்ல பிள்ளதான், குறை சொல்லக் கூடாது. மறுவீடெல்லாம் முடிஞ்சு பெட்டியோட வந்தா. காப்பியக் குடிச்சுட்டு, "அத்தை, எங்க ரூம் எது?"ன்னா.

எனக்குப் புரியல. ரூமா? நாங்க ஒண்ணும் அவள அப்பிடியே பழைய சேலையில விட்டுரல. தென்காசியில போய் புதுசா ஸ்க்ரீன் துணி வாங்கி, வளையம் கோத்து, ஆசாரிய வச்சுக் கம்பி அடிச்சு வச்சிருந்தேன். மயில் படம் போட்ட துணி. எனக்கு இது கூட கெடைக்கலையேன்னு நினைச்சுக்கிட்டேதான் தச்சேன். அதக் காட்டுனேன். அவ மயிலப் பாத்தா. பெறகு துரை ரூமப் பாத்தா. கட்டிலு, மெத்தை, புது விரிப்பு, கூஜாவுல தண்ணி. "அப்ப அது ஆருக்கு அத்தை?"ன்னா.

வரலாற்றச் சொன்னேன். இவுக உக்காந்து முழுசாச் சொன்னாக, வருசம் மாசம் எல்லாம். அவ பொறுமையாத்தான் கேட்டா. கேட்டுட்டு, "மாமா, துரைக்கு இப்ப நூத்தம்பது வயசுக்கு மேல இருக்கும்"ன்னா. கணக்கு டீச்சரு பாருங்க. இவுக, "வாக்குக்கு ஏதும்மா வயசு"ன்னாக. திருமலை ஒண்ணும் சொல்லல. அவன் எங்க பிள்ளையில்லா, எதுக்கும் ஒண்ணும் சொல்லமாட்டான்.

ரெண்டு மூணு மாசம் ஒழுங்காத்தான் ஓடுச்சு. அவ சேலை மாத்தணும்னா புறவாசல் குளிமுறிக்குப் போவா, மழையா இருந்தா குடை பிடிச்சுக்கிட்டுப் போவா. ராத்திரி மயிலுக்கு அங்கிட்டு ஒரு சத்தம் இருக்காது. எனக்குத்தான் தூக்கம் வராது, வயசாகுதுல்லா. "நித்யா, என்ன தூக்கம் வரலையா?"ன்னு கேப்பேன். பதில் சொல்லமாட்டா. பிள்ள அசந்து தூங்குதுன்னு நினைச்சுக்கிடுவேன்.

பெறகு புதுசா ஒரு பழக்கம் வந்துச்சு. ஞாயித்துக்கிழமையானா ரெண்டு பேரும் குத்தாலத்துக்குக் குளிக்கப் போறோம்னு கெளம்பிருவாக. சீசன்ல போனாச் சரி. இது மாசி, பங்குனி. அருவியில சொட்டுத் தண்ணி கெடயாது, பாறை காஞ்சு கெடக்கு. சாயங்காலம் திரும்பி வந்தா தலையில ஈரமே இருக்காது.

"என்னடி, குளிக்கலையா?"

"அருவியில தண்ணி இல்ல அத்தை."

"அப்ப இம்புட்டு நேரம் என்ன செஞ்சிய?"

"பாத்துட்டு வந்தோம்."

"இல்லாத தண்ணியவா?"

திருமலை உத்தரத்தப் பாத்துக்கிட்டு நிப்பான். அடுத்த ஞாயித்துக்கிழம மறுபடியும் துண்டு, சோப்பு டப்பாவோட கெளம்பிருவாக. எனக்கு ஒண்ணும் வித்தியாசமாத் தோணல. சிறுசுக, பாறையப் பாத்தாலும் சந்தோசந்தான்னு இருந்தேன்.

இவுக பெரியப்பா மகன் மீனாட்சிநாதன் அண்ணாச்சிதான் வந்து சொன்னாக. அவுகளுக்குக் குத்தாலத்துல ஏதோ ஜோலி. இவுகளக் கூப்பிட்டு, "தெய்வநாயகம், ஒம் மகனும் மருமகளும் லாட்ஜுல இருந்து எறங்கி வாராக, நான் எம் கண்ணால பாத்தேன்"ன்னாக. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! துரையே தேடி வந்து படுத்த வீடு. இந்த வீட்டுப் பிள்ளை ரெண்டு மைலு தள்ளிப் போய் லாட்ஜுல ரூம் எடுக்கானா? வீட்டுல எடமா இல்ல? ரெண்டு மைலு இல்லம்மா, கூடத்தான் இருக்கும், அவுக வந்து சரியாச் சொல்லுவாக.

அன்னைக்கு இங்கன நிக்க வச்சுக் கேட்டேன். திருமலை வழக்கம் போல உத்தரத்தப் பாத்தான். அவதான் பேசுனா. சத்தம் போடல, வகுப்புல பாடம் நடத்துத மாதிரி சொன்னா. "அத்தை, நாங்க தாலி கட்டுன புருசன் பொண்டாட்டி. லாட்ஜுல ஊரு செங்கோட்டைன்னு எழுதுனா அந்த ஆளு எங்க ரெண்டு பேரையும் ஏற எறங்கப் பாக்கான். போன வாரம் கல்யாணப் போட்டோவ எடுத்துக்கிட்டுப் போய்க் காட்டுனேன். எனக்கு நகை வேண்டாம், பட்டு வேண்டாம். ஒரு கதவு வேணும். உள்ள இருந்து தாழ்ப்பாள் போடுத கதவு."

"கதவா இல்ல இந்த வீட்டுல? எல்லாம் தேக்கு"ன்னேன்.

"தேக்குதான். எதுலயாவது உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா, பாருங்க."

நான் போய்ப் பாத்தேன். நெசமாத்தாம்மா சொல்லுதேன், இம்புட்டு வருசம் அந்தக் கதவுகளத் தேங்காண்ணெய் போட்டுத் தொடைச்சவ நான். ஒருநாளும் கண்ணுல பட்டதில்ல. அடுக்களைக் கதவுல இல்ல. அரங்குல வெளிய மட்டும் இருக்கு. தெருக்கதவுல கள்ளனுக்குப் பயந்து மேல, நடுவுல, கீழன்னு மூணு போட்டிருக்காரு கண்ட்ராக்டரு. வீட்டுக்குள்ள உள்தாழ்ப்பாள் இருக்கது ஒரே ஒரு கதவுல. அது துரை கதவு. பித்தளை, இந்தத் தண்டிக்கு.

மறுநாள் அவ கடையத்துக்குப் போயிட்டா. அம்மா வீட்டுக்கு. சண்டை போட்டுக்கிட்டு இல்ல, சோறு வடிச்சு வச்சுட்டுத்தான் போனா. அந்த ரூமு கெடைச்சா வாரேன்னு சொல்லிட்டுப் போனா. திருமலை சாப்பாட்டுல கைய வைக்கமாட்டேங்கான். ஆபீசுல இருந்து வந்ததும் மயிலுக்குப் பின்னால போய்ப் படுத்துக்கிடுவான். ஒத்தப் பிள்ளையப் பெத்து வச்சிருக்கோம். அவன் வாழ்க்கை இப்பிடி அந்தரத்துல நிக்கு.

ரூமு பொதுல்லா, அதனால பேசித்தான் முடிவெடுக்கணும். மீனாட்சிநாதன் அண்ணாச்சி, அவுக தம்பி, இவுக, எல்லாரும் இங்கன உக்காந்தாக. அண்ணாச்சி தாசில்தார் ஆபீசுல இருந்தவுக, ஒரு யோசனை சொன்னாக. ராத்திரிக்கு மட்டும் பிள்ளைக படுத்துக்கிடட்டும், விடிஞ்சதும் விரிப்ப மாத்தி, தண்ணிய மாத்தி, துரைக்குத் தயாரா வச்சிரணும்னாக. அதுக்குத் தம்பி, துரை போன தடவ வந்ததே அந்தியிலதான, ராத்திரி வந்து கதவத் தட்டுனா என்ன செய்யன்னாக. துரையோட பேரன் பேத்தி வந்தா காலி பண்ணணும்னு எழுதி வாங்கிக்கிடலாமான்னு ஒரு பேச்சு. பேரனுக்கு உண்டா, துரைக்கு மட்டுந்தானான்னு அதுல ஒரு தர்க்கம். காப்பி ரெண்டு தடவ போட்டேன். இவுக மட்டும் தலையக் குனிஞ்சுக்கிட்டு, "எங்க பூட்டன் குடுத்த வாக்கு, எங் காலத்துல போயிருச்சுன்னு இருக்கப்படாது"ன்னு ஒரே சொல்லு.

கடைசியில அண்ணாச்சி என்னையப் பாத்துத் திரும்பி, "உலகு, நீ சொல்லு. ரூம ஒழுங்கா வச்சிருக்கது நீதான. நீ குடுன்னு சொன்னா குடுத்துருவோம்"ன்னாக.

இந்த வீட்டுல ஒரு முடிவுக்கு என்னைய ஒருத்தரும் கேட்டதில்ல. சீயக்காய் அரைக்கணுமா வேண்டாமான்னு கூட அத்தைதான் சொல்லுவாக. எல்லாரும் எம் மொகத்தப் பாக்காக. இவுகளும் பாக்காக. திருமலை மயிலுக்கு அங்கிட்டு இருந்து எட்டிப் பாக்கான்.

குடுக்க முடியாதுன்னுட்டேன்.

ஏன்னு கேக்கியளா? வீட்டு வழக்கம்மா. நானும் இந்தப் பட்டாசல்ல கெடந்துதான பிள்ளை பெத்தேன்? எனக்கு டைபாய்டு வந்தப்ப ஒருத்தரும் அந்தக் கதவத் தெறந்து இங்கன படுன்னு சொல்லலையே? இவ வந்து ஒரு வருசம் ஆகல, உக்காந்து கேட்டா உடனே குடுத்துரணுமா? அப்ப நான் கெடந்ததுக்கு என்ன அர்த்தம்? அப்பிடியெல்லாம் நினைச்சுச் சொல்லல. வழக்கத்தத்தான் சொன்னேன். நீங்க அத எழுதவேண்டாம்.

அடுத்த வாரமே திருமலை தென்காசியில வாடகைக்கு வீடு பிடிச்சுட்டான். ஆட்டோவுல அவன் சட்டை துணிய ஏத்துனான், அந்த மயிலு ஸ்க்ரீன மட்டும் விட்டுட்டுப் போனான். அவளும் கடையத்துல இருந்து நேர அங்க வந்துட்டா. அன்னைக்கு அந்தியில நான் கூஜாவக் கழுவித் தண்ணி வச்சேன், கொசுவலைய எறக்குனேன். பட்டாசல்ல வந்து படுத்தா ஒரே வெறிச்சோன்னு கெடக்கு. நான் கேக்க ஆளு இல்ல, தூக்கம் வரலையான்னு. அழுதேன். என்னத்த மறைக்க.

ரொம்ப நாளு போகல நான். வைராக்கியந்தான். பெறகு அவதான் ஃபோன் போட்டு, "அத்தை, புளிக்குழம்பு எனக்கு ஒங்க பக்குவத்துல வரமாட்டேங்கு, ஒருக்க வந்து காட்டுங்க"ன்னா. குழம்புக்காகப் போனேன். மச்சு வீடு கெடயாது, தேக்கு கெடயாது, சிமெண்டு வீடு. சின்னச் சின்னதா மூணு ரூமு. ஒண்ணு அவுகளுக்கு. ஒண்ணு ஹாலு. இன்னொண்ணுக்குள்ள கூட்டிட்டுப் போய், "இது ஒங்க ரூமு அத்தை"ன்னா.

ஒரு கட்டிலு, ஒரு ஜன்னலு. விரிப்பு போட்டிருந்துச்சு. அவ குழம்புக்குப் புளி ஊறப்போடப் போயிட்டா. நான் கதவச் சாத்துனேன். உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்துச்சு. சும்மா போட்டுப் பாத்தேன். சின்னத் தாழ்ப்பாள்தான், கடையில விக்குதே அலுமினியத்துல, அந்த மாதிரி. போட்டதும் ஒரு மாதிரி ஆயிருச்சும்மா. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து நான் இருக்க எடத்துல ஆரும் எப்பவும் வரலாம். அப்பா வீட்டுலயும் அப்பிடித்தான், இங்கயும் அப்பிடித்தான். இப்ப நான் தெறந்தாத்தான் வரமுடியும். காலை நீட்டிப் படுத்தேன். புரண்டு படுத்தேன், ஒருத்தரும் என்னன்னு கேக்கல. சத்தம் போட்டுக் கொட்டாவி விட்டேன்.

முழிச்சுப் பாத்தா பொழுது அடைஞ்சிருக்கு. மதியச் சோறும் இல்ல, குழம்பும் இல்ல, அப்பிடித் தூங்கியிருக்கேன். வெக்கமாப் போச்சு. கதவத் தெறந்து வந்தா அவ காப்பியக் கையில குடுத்தா. கதவ ஏன் தட்டலைன்னு கேட்டேன். "நீங்கதான உள்ள தாழ்ப்பாள் போட்டிருந்திய அத்தை"ன்னா. குழம்பு அவளே வச்சிருந்தா. நல்லாத்தான் இருந்துச்சு, எம் பக்குவமேதான்.

ஆனா ஒண்ணு சொல்லணும். அவளுக்குச் சிக்கனம் பத்தாது. நான் எப்பவாவது போற ஆளு. எனக்குன்னு ஒரு ரூம ஒதுக்கி, விரிப்ப மாத்தி மாத்திப் போட்டு வச்சிருக்கா. சும்மாதான கெடக்கு? அதுல ஒரு பீரோவ வைக்கலாம், துணி காயப் போடலாம். வராத நாளெல்லாம் இப்பிடி ஒரு ரூம வெட்டியாப் போட்டு வைப்பாகளா? படிச்ச பிள்ளைக்கு இது கூடத் தெரியல. அவள்ட்ட இதச் சொன்னேன். என்னையப் பாத்துச் சிரிச்சா. எதுக்குச் சிரிச்சான்னு தெரியல.

அதனால அடிக்கடி போக வேண்டியதா இருக்கு. ரூமு வீணாப் போகக் கூடாதுல்லா. இன்னைக்கும் போறேன், அந்தா பஸ்ஸுக்குத்தான் கெளம்பி உக்காந்திருந்தேன், நீங்க வந்துட்டிய. ஒரு வாரந்தான். ரெண்டு பெட்டியா? ஒண்ணுல சேலை. இன்னொண்ணுல என் சாமி படமும் பருப்புப் பொடி அரைக்க ஜாரும். அங்க அவ சாமி படம் சின்னதா வச்சிருக்கா, கண்ணுக்குத் தெரியமாட்டேங்கு.

இவுகளையும் கூப்பிட்டா மருமக. "அது ஒங்களுக்கும் சேத்துத்தான் மாமா"ன்னா. இவுக யோசிச்சாக. நான் மொகத்தப் பாத்துக்கிட்டே இருந்தேன், நெசமா யோசிச்சாக. பெறகு, "ரூமுக்கு ஆரு தண்ணி வைப்பா"ன்னுட்டாக. நேத்து நான் சொன்னேன், "நான் போன பெறகு தார்சாவுல பனியில கெடக்காதிய, நெஞ்சுச் சளி பிடிச்சுக்கிடும். உள்ள அந்தக் கட்டில்ல படுத்துக்கிடுங்க, ஆரு பாக்கப் போறா"ன்னு. நான் ஏதோ கெட்ட வார்த்த சொல்லிட்ட மாதிரி பாத்தாக. எனக்கு அவுகளப் பாத்து அப்பிடிப் பாவமா வந்துச்சு. இத்தன வருசத்துல எனக்காக எவ்வளவோ அழுதிருக்கேன். அவுகளுக்காக அழுதது நேத்துத்தான்.

அந்தா வாராக பாருங்க. முடிய ஒட்ட வெட்டி விட்டிருக்கான் பாவி, காது ரெண்டும் தனியா நிக்கு.

என்னங்க, இவுக மெட்ராஸ்ல இருந்து வந்திருக்காக. பழைய வீட்டப் பத்தியெல்லாம் எழுதுதாகளாம். நீங்க முதல்ல இருந்து சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்லல.

சோறு வடிச்சு வச்சிருக்கேன். ரசம் நாளைக்கும் வரும், சூடு பண்ணிக்கிடுங்க. சலவைக்காரன் வந்தா விரிப்ப எண்ணிப் போடுங்க. ஏன் அப்பிடியே நிக்கிய? ஒரு வாரந்தான்னு சொல்லுதேன்லா? பெட்டியப் பாக்காதிய, பஸ்ஸு போயிரும்.

நானும் போயிட்டா எப்பிடின்னா? நீங்கதான் இருக்கியள்லா. வராத ஆளப் பாத்துக்கிட ஒரு ஆளு போதும்.